பௌர்ணமியும் பல்லு வைத்த கத்தியும்!

திருவண்ணாமலையில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் பிரம்மச்சாரிகளுக்கு மாதத்தில் ஒரு நாள் கண்டம் உண்டு. பௌர்ணமி! ஊருக்கு அது திருவிழா. லட்சக்கணக்கில் ஜனம் வந்து 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றுகிறது. வெளியூர் பஸ்களை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஓட்டலில் உட்கார நாற்காலி கிடைத்தால் உங்கள் ஜாதகத்தில் குரு உச்சம் என்று அர்த்தம். மாசக் கணக்கு வைத்துச் சாப்பிடும் மெஸ்ஸில்கூட, "இன்னிக்கு சாம்பார் சாதம்தான் சார், அதுவும் பார்சல்" என்று கையை விரித்துவிடுவார்கள்.

பரிகாரம், சாண்ட்விச். ஒரு பாக்கெட் பிரெட், வெள்ளரி, தக்காளி, கொஞ்சம் வெண்ணெய், கொத்தமல்லிச் சட்னி. அடுப்பே வேண்டாம். கத்தி மட்டும் வேண்டும். வில்லங்கமே அங்கேதான்!

நம்ம ரூம்களில் கிடக்கும் கத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் குடியிருந்தவர் விட்டுப் போனது. பிளாஸ்டிக் பிடி பாதி உருகியிருக்கும். ஸ்க்ரூ திருகுவது, பெயின்ட் டப்பா நெம்புவது, கூரியர் கவர் கிழிப்பது என்று சகல உத்தியோகமும் பார்த்து ரிட்டயராகும் வயது. அதைப் பழுத்த தக்காளி மேல் வைத்தால் தோல் அமுங்குமே தவிர அறாது. கடுப்பில் அழுத்துவோம். வழுக்கும். அப்புறம் விரல்!

என் ரூம் நண்பர் ஒருவருக்கு ஒரு பௌர்ணமிக் காலையில் இடது ஆள்காட்டி விரலில் மூன்று தையல். அவருக்கு கம்ப்யூட்டரில் என்ட்ரி போடும் வேலை. இரண்டு வாரம் ஒன்பது விரலோடு டைப் அடித்தார். கூர் உள்ள கத்தியைவிட மொட்டைக் கத்திதான் ஆபத்து. அழுத்த அழுத்தத்தான் அது வழுக்கும்.

அவர் கட்டோடு நிற்க, நான் தேரடி வீதிப் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். "பிரெட் கத்தி இருக்காண்ணே?"

"பிரெட்டுக்குத் தனிக் கத்தியா? அதான் வெட்டியே விக்கிறானே தம்பி!"

நியாயமான கேள்வி. பிரெட்டை மெஷினில் துண்டு போட்டு விற்பது 1928-ல் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் சில்லிகோத்தி என்ற ஊரில் ஆரம்பித்தது. மெஷினைச் செய்தவர் ஓட்டோ ரோவெடர். 1943 ஜனவரியில், யுத்த காலச் சிக்கனம் என்று அரசாங்கம் துண்டு போட்ட பிரெட்டுக்குத் தடை போட்டது. வீட்டுக்காரம்மாக்கள் போட்ட கூச்சலில் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை, மார்ச்சிலேயே வாபஸ்!

ஆனால் நம்ம ஊரில் செங்கம் ரோடு பக்கம், ஆசிரமங்களுக்கு வரும் வெள்ளைக்காரர்களை நம்பி நடக்கும் கஃபேக்களில், மேலோடு கெட்டியான பிரவுன் பிரெட் முழுசாகவே கிடைக்கும். அதைச் சாதாரணக் கத்தியால் வெட்டினால் மேலே நசுங்கும், உள்ளே பிய்யும். அரிவாள்மனை? காய்க்கு அதை அடிக்க ஆள் கிடையாது. ரமணரே ஆசிரம சமையலறையில் விடியற்காலையில் உட்கார்ந்து காய் நறுக்கியிருக்கிறார். ஆனால் பிரெட்டை அரிவாள்மனையில் தள்ளினால் பஞ்சு மாதிரி சுருண்டுவிடும்.

தேவை, ரம்பம் போல் பல் வைத்த கத்தி. நான் பி.காம். ஆனாலும் பத்தாம் வகுப்பு பௌதிகம் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. அதே விசையைச் சின்ன இடத்தில் கொடுத்தால் அழுத்தம் கூடும். பல்லின் நுனிகள் தக்காளித் தோலையும் பிரெட் மேலோட்டையும் முதலில் குத்தித் திறக்கின்றன. மிச்ச வேலையை முன்னும் பின்னும் இழுப்பது பார்த்துக்கொள்கிறது. கீழே அழுத்தவே வேண்டாம்.

முழு பிரெட் வாங்குகிறவர்கள் எட்டிலிருந்து பத்து அங்குலம் பிளேடு பாருங்கள். பிரெட்டின் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது நீளம் இருந்தால்தான் இழுக்க இடம் இருக்கும். துண்டு பிரெட் ஆசாமிகளுக்கு அது தண்டச் செலவு. சின்னதாகப் பல் வைத்த தக்காளிக் கத்தி போதும். சுவிட்சர்லாந்து விக்டோரினாக்ஸின் 11 சென்டிமீட்டர் கத்தி இந்த ரகம்தான். உள்ளூர்க் கம்பெனிகளும் போடுகின்றன. பிளேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். வெறும் இரும்பு என்றால் தக்காளிப் புளிப்புக்கே கறுத்துவிடும். பிடியைக் கையில் பிடித்துப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

"பத்து அங்குலக் கத்தியோடு பஸ்ஸில் வந்தால் போலீஸ் பிடிக்காதா?" என்று ஆபீசில் ஒருவர் கேட்டார். ஆயுதச் சட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதக் கணக்கில் வருகின்றன. வீட்டு உபயோகத்துக்காகச் செய்தவைக்கு விலக்கு உண்டு. அதற்காக பௌர்ணமிக் கூட்டத்தில் உருவிக் காட்டிக்கொண்டு போகாதீர்கள், சார். அட்டையில் சுற்றிப் பைக்கு அடியில் வையுங்கள். விமானத்தில் கைப்பையில் மட்டும் கூடவே கூடாது.

இனி வேலை. எவர்சில்வர் தட்டின் மேல் வெட்டினால் ஒரு மாதத்தில் கத்தி மொட்டை. மரப்பலகைதான் சரி, நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. நம்ம ஆட்கள் உள்ளங்கையில் வைத்தே தக்காளி நறுக்குவார்கள் — அந்த வித்தையெல்லாம் அம்மாக்களோடு போகட்டும்! பிடிக்கிற கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள். முழு பிரெட் சூடாக இருந்தால் தொடாதீர்கள், ஆறட்டும். மிருதுவான பிரெட்டைப் பக்கவாட்டில் படுக்கவைத்து வெட்டினால் தலை நசுங்காது. மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் விறைத்துப்போகும்.

வெள்ளரியில் உப்புத் தூவி ஐந்து நிமிஷம் வைத்து, வடிகிற தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பிரெட்டின் உள்பக்கம் இரண்டிலும் ஓரம் வரை வெண்ணெய். மத்தியானம் டப்பாவைத் திறக்கும்போது ஊறிக் கூழாகாமல் இருப்பது அதனால்தான். கடைசியில் குறுக்கு வெட்டு; மேலே விரலை வைத்து அமுக்காமல் ரம்பம் போல் இழுங்கள்.

ஒன்றே ஒன்று. தெருவில் சாணை பிடிப்பவர் வந்தால் இந்தக் கத்தியை நீட்டிவிடாதீர்கள். சுற்றுகிற கல்லில் பல்லெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும். அவரிடம் அந்தப் பழைய, பிடி உருகிய கத்தியைக் கொடுங்கள். என் நண்பர் கொடுத்தார். இப்போது வெங்காயத்துக்கு அதுதான்.