இல்லாததைக் காணும் கண்

சொல் நடந்த வழி

வெளியே யாதொரு பொருளும் இல்லாதிருக்க, அது எதிரே நிற்பதாகக் கண்ணும், பேசுவதாகச் செவியும் உணரும் நிலையை மேனாட்டு வைத்திய சாஸ்திரம் ‘ஹாலுசினேஷன்’ என்று வழங்குகிறது. நாம் பிரமை என்கிறோம். மனம் நிலைகொள்ளாது அலைதலையும் பொருளின்றிப் பிதற்றுதலையும் குறித்த லத்தீன் வினையொன்றே ‘ஹாலுசினேஷன்’ என்பதன் வேர். எனினும், 1646இல் ஆங்கிலேய வைத்தியரான தாமஸ் பிரௌன் இச்சொல்லைத் தம் நூலில் எடுத்தாண்டபோது, பார்வையின் கோளாறு ஒன்றையே அதனாற் சுட்டினார். மனநோய்களை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட பிரெஞ்சு வைத்தியர் எஸ்கிரோல்தான், 1817இல் அதற்கு இன்றுள்ள பொருளை வரையறுத்து, ஒரு பொருள் இருந்து அது வேறொன்றாகத் தோன்றுவதையும், ஒன்றுமே இல்லாத வெளியில் ஒன்று தோன்றுவதையும் தெளிவாகப் பிரித்தவர். நம் வேதாந்திகளுக்கு மிக விருப்பமான கயிற்றரவு, அதாவது கயிறு பாம்பாகத் தோன்றுதல், இவற்றுள் முன்னதைச் சேர்ந்ததேயன்றிப் பிரமை அன்று. இப்பிரிவு பெரிதும் பயன்பட்டது. ஆயின், மனநோய் விடுதியில் உருப்பெற்ற காரணத்தால், பிரமை என்றாலே பைத்தியம் என்னும் அபவாதமும் இச்சொல்லைப் பற்றிக்கொண்டது.

ஜெனீவா முதியவர்

அந்த அபவாதம் பொருந்தாது என்பதற்குரிய சாட்சியம், எஸ்கிரோலுக்கு அரை நூற்றாண்டு முன்னரே பதிவாகியிருந்தது. ஜெனீவா நகரத்து இயற்கை விஞ்ஞானியான சார்ல் போனே, 1760இல் வெளியிட்ட நூலில் தம் பாட்டனார் சார்ல் லுலேனின் அனுபவத்தை விவரித்தார். கண்புரைக்குச் சிகிச்சை செய்துகொண்டும் பார்வை மங்கிப்போன அம்முதியவர், தொண்ணூறை எட்டும் பிராயத்தில், ஞாபகமும் விவேகமும் சிறிதும் குன்றாதிருக்கையிலேயே, ஆடவரும் பெண்டிரும் பறவைகளும் வண்டிகளும் மாளிகைகளும் தம்முன் தோன்றிப் பெருத்தும் சிறுத்தும் மறைவதைக் கண்டார். அவை மெய்யல்ல என்று அறிந்தே கண்டார் என்பதுதான் இதில் விசேஷம். இந்நிலை இன்று போனேயின் பெயராலேயே வழங்குகிறது.

விழித்திரையிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்தவிடத்து, மூளையின் பார்வைப் பகுதி வாளா இராமல் தானே உருவங்களைத் தோற்றுவிக்கிறது என்பதே வைத்தியர் கூறும் விளக்கம். கண் அழுத்த நோய், நீரிழிவால் வரும் விழித்திரைக் கேடு, முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்தல் ஆகியவற்றால் பார்வை இழந்தோர் பலர் இத்தோற்றங்களைக் காண்கின்றனர். பித்தர் எனப் பெயர் வாங்க அஞ்சிப் பெற்ற மக்களிடமும் அவர்கள் வாய்திறப்பதில்லை; பேய் பிடித்ததென்று மந்திரிப்பவரை நாடும் வீடுகளில் அவ்வச்சம் நியாயமானதே.

எப்போது விரைய வேண்டும்

காரணம் கண்ணாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. கடுஞ்சுரம், சில மருந்துகள், பார்க்கின்சன் நோய் ஆகியனவும் பிரமையை உண்டாக்கும். நெடுநாட் குடிப்பழக்கத்தைத் திடீரென நிறுத்தியவர் இரண்டு மூன்று நாட்களுக்குள் நடுக்கமும் குழப்பமும் எய்தி, உடலிற் பூச்சிகள் ஊர்வதாக அலறினால், அது உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே மருத்துவமனை சேர்க்க வேண்டும். முதியவர் ஒருவர் திடீரெனக் குழம்பி இல்லாதவற்றைக் காணத் தொடங்கினாலும் தாமதம் கூடாது. சிறுநீர்த் தொற்றே பலமுறை அதற்கு மூலமாகிறது. ஏவுகின்ற, அச்சுறுத்துகின்ற குரல்களைக் கேட்பவருக்கு மனநல வைத்தியரின் உதவி வேண்டும்.

அறிவு தெளிந்திருக்கப் பார்வை மட்டும் குன்றியவர் முதலிற் காண வேண்டியவர் கண் வைத்தியரே. தோற்றம் எழும்போது அறையில் விளக்கேற்றுவதும், எழுந்து நடப்பதும், கண்களை இடமும் வலமுமாகச் சிலமுறை விரைந்து அசைப்பதும் பலருக்கு அதனைக் கலைத்துவிடுகின்றன.