காஷான் குயவர் கண்ட பொன்னொளி

நாம் நாள்தோறும் எடுத்தாளும் ‘பீங்கான்’ என்னும் சொல் பாரசீக மொழி தந்த கொடையாகும். சொல்லைத் தந்த நாட்டார் மெருகேற்றிய பாண்டங்களை ஆக்கிய திறத்தை ஈண்டுச் சிறிது காண்போம்.

சீனத்து வெண்பாண்டங்கள் கடல்வழியே மேற்றிசை சென்றபோது, அவற்றின் வெண்மை இஸ்லாமிய உலகின் குயவர்களைக் கவர்ந்தது. ஆயின், சீனர்க்கு வாய்த்த மண் இவர்கட்கு வாய்க்கவில்லை. 9ஆம் நூற்றாண்டில் ஈராக்கியர் வெள்ளீயம் கலந்த மெருகினால் மண்ணின் நிறத்தை மறைத்தனர். 12ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தாரோ பாண்டத்தின் உடலையே வெண்மையாக்கினர். பொடித்த படிகக்கல் 10 பங்கு, கண்ணாடிப் பொடி 1 பங்கு, வெண்களிமண் 1 பங்கு என்பது அக்கலவை. சூளையின் வெம்மையில் கண்ணாடி உருகிக் கற்பொடியைப் பிணைத்தது. களிமண் குறைந்தமையால் இக்கலவை எளிதில் வளைந்து கொடாது. அதனை வனைதற்குத் தேர்ந்த கை வேண்டும்.

இக்கலையின் தலைநகராய் விளங்கியது காஷான். ஓடுகளைப் பாரசீகர் ‘காஷி’ என்றழைப்பதும் அவ்வூர்ப் பெயராலேயே. மெருகிட்டுச் சுட்ட பாண்டத்தின்மீது வெள்ளி, செம்பு ஆகியவற்றின் சேர்மங்களால் எழுதி, புகை சூழ்ந்த சூளையில் மீண்டும் இடுவர். புகை அச்சேர்மங்களின் உயிர்வளியைக் கவர, உலோகம் நுண்படலமாய் மெருகில் தங்கும். ஆறியபின் ஈரமண்ணால் தேய்த்தால் பொன்னொளி வெளிப்படும். பொன் சிறிதும் சேராத பொன்னொளி அது! 1226இல் ஹசன் இப்னு அரப்ஷா இம்முறையில் ஆக்கிய காஷான் பள்ளிவாசல் மிஹ்ராப் இன்று பெர்லின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளது.

இந்நுட்பங்களை நாம் எவ்வாறு அறிந்தோம்? காஷானில் அபூதாஹிர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலை நடத்தினர். அக்குடும்பத்தில் தோன்றிய அபுல்காசிம், சூளையை விடுத்து எழுதுகோலை ஏந்தி, மங்கோலிய மன்னர் அவையில் வரலாற்றாசிரியரானார். மணிகளையும் நறுமணப் பொருள்களையும் பற்றி ஹிஜ்ரி 700இல் (கி.பி. 1301) அவர் எழுதிய நூலின் இறுதியில், தம் குலத்தொழிலின் பொருள்கள், அளவுகள், சுடும் காலம் அனைத்தையும் பதிவு செய்தார். மேற்கூறிய 10:1:1 என்னும் அளவும் அவர் தந்ததே.

14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் காஷானின் பொன்னொளித் தொழில் நலிந்தது. கைகள் ஓய்ந்தன, எழுத்து ஓயவில்லை. 1935இல் செருமன் மொழியிலும் 1973இல் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்ட அப்பகுதி இன்றும் ஆய்வாளர்க்கு வழிகாட்டுகிறது.

நெசவும் பாய்முடைதலும் படகு கட்டுதலும் அறிந்த முதியோர் நம் ஊர்களிலும் உளர். அவர்தம் அறிவு அவரோடு மறையாவண்ணம் கேட்டு எழுதிவைத்தல், எழுத்தறிந்த நம் மாணவர்தம் கடமையன்றோ?