உண்ணியை ஈர்க்கும் மணம்

கால்நடைகளின் குருதியை உறிஞ்சும் உண்ணிகள் கொடிய நோய்களையும் பரப்புகின்றன. இவற்றின் முன்னங்கால்களில் அமைந்துள்ள ஹாலர் உறுப்பு, விலங்குகள் வெளிவிடும் கரியமில வாயுவையும் மணத்தையும் உணர வல்லது. உண்ணிகள் தமக்குள் செய்தி தெரிவிக்கச் சுரக்கும் வேதிப்பொருள்கள் ‘பெரோமோன்கள்’ எனப்படும்.

குருதியுண்ணும் பெண் உண்ணி சுரக்கும் டைகுளோரோபீனால் ஆணை ஈர்ப்பது, அமெரிக்க இனமொன்றில் 1972இல் அறியப்பட்டது. ஆப்பிரிக்க அம்பிளியோமா இனங்கள் சிலவற்றிலோ, குருதியுண்ட ஆணே மணம் பரப்பி ஏனையவற்றைத் திரட்டுகிறது. இம்மணப்பொருளுடன் உண்ணிக்கொல்லியும் சேர்ந்த பட்டைகள் 1990களில் ஜிம்பாப்வேயில் மாடுகளின் வாலில் கட்டிச் சோதிக்கப்பட்டன. உடலெங்கும் மருந்து தெளிப்பதற்கு மாறாக, உண்ணியே மருந்தைத் தேடிவரச் செய்வது இம்முறையின் நோக்கம்.

இந்திய மாடுகளைப் பெரிதும் தாக்கும் மைக்ரோபிளஸ் உண்ணியோ, இளநிலை முதல் ஒரே மாட்டின்மீது வளர்ந்து முதிர்வது. ஆகவே, அயல்நாட்டு முறையை அப்படியே பின்பற்றாது, இனமறிந்து முறை வகுத்தலே தக்கது.