மீன் குஞ்சு விட்டால் மட்டும் போதுமா?



ஐப்பசி, கார்த்திகை மழையில் வாலாஜாபாத் பக்கத்து ஏரிகள் நிரம்பியதும் மீன்பாசி குத்தகைப் பேச்சு தொடங்கிவிடும். தென்னேரி போன்ற பெரிய ஏரியானாலும் ஊர்த் தாங்கலானாலும், பணம் போடுகிற குழுவுக்குக் கேள்வி ஒன்றுதான். விட்ட குஞ்சில் எத்தனை பிழைக்கும்?

முதல் வருஷம் நாங்களும் ஏமாந்தோம். உச்சி வெயிலில் வண்டி வந்தது. பைகளை அவிழ்த்து அப்படியே ஏரியில் கொட்டினோம். "விட்டாச்சு, இனி கவலை இல்ல" என்று வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுநாள் காலை கரையோரம் வெள்ளை வெள்ளையாகச் செத்து மிதந்தது. குழுக் கடனின் அசலைக் கட்டவே சேமிப்பில் கை வைக்க வேண்டியதாயிற்று. அதில் கற்றதைத்தான் இங்கே சொல்கிறோம்.

ஏன் வருஷா வருஷம் விட வேண்டும்?

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கை போன்ற ஆறுகளின் மீன்கள். தேங்கிய நீரில் இவை இனப்பெருக்கம் செய்வதில்லை. 1957-இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, ஊசி போட்டு இவ்வகைக் கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார். அதனால்தான் இன்று பண்ணைகளில் குஞ்சு கிடைக்கிறது.

சூடு மாறினால் ஆபத்து

பைத் தண்ணீரின் சூடு வேறு, ஏரித் தண்ணீரின் சூடு வேறு. திடீரென மாற்றினால் குஞ்சு தாங்காது. எனவே காலையிலோ மாலையிலோதான் விட வேண்டும். கட்டிய பையை 15 முதல் 20 நிமிடம் ஏரியில் மிதக்க விடுங்கள். பிறகு அவிழ்த்து, ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேருங்கள். குஞ்சுகள் தாமாகவே நீந்தி வெளியே போகட்டும்.

தண்ணீரிலும் காற்று வேண்டும்

பகலில் பாசியும் செடியும் வெயிலைக் கொண்டு பிராணவாயுவை வெளியிடும். இரவில் அவையும் அதை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலையில்தான் நீரில் பிராணவாயு மிகக் குறைவு. ஒரு லிட்டரில் 5 மில்லிகிராம் இருந்தால் நல்லது. தண்ணீர் கரும்பச்சையாக இருந்து, நாலைந்து நாள் மூடாக்குப் போட்டால் இன்னும் குறையும். விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் அதுதான் அறிகுறி. உடனே சாணம், தவிடு போடுவதை நிறுத்துங்கள். சிறு குளமானால் மோட்டார் தண்ணீரை உயரத்திலிருந்து சிதறி விழ விடுங்கள். ஆகாயத்தாமரை ஏரியை மூடுவதற்குள் அகற்றிவிடுங்கள். அது மூடினால் உள்ளே வெளிச்சமும் போகாது, காற்றும் கலக்காது.

தின்ன வருபவை

விரால், கெளுத்தி, நீர்க்காகம், கொக்கு எல்லாம் சின்னக் குஞ்சைத் தேடித் தின்னும். பறவையை விரட்டி மாளாது. விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த குஞ்சாகப் பார்த்து வாங்குவதே வழி. விலை கூடுதல்தான், ஆனால் பிழைப்பதும் கூடுதல். நம் ஏரிகள் பல கோடையில் வற்றிவிடும். பெரிய குஞ்சாக விட்டால்தான் அதற்குள் விற்கிற அளவு வளரும்.

கலங்கலும் கழிவும்

ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் நம் பணமும் சேர்ந்து வழியும். கலங்கலிலும் மதகிலும் வலை கட்டுங்கள். செத்தை சேர்ந்து அடைக்காமல் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். அடைத்தால் கரைக்கே ஆபத்து. பெருமழை ஓய்ந்து வழிவது நின்ற பிறகு குஞ்சு விடுவது இன்னும் நல்லது.

சாயத் தண்ணீர் வரும் வாய்க்கால் இருக்கிறதா என்று குத்தகை எடுக்கும் முன்பே நடந்து பாருங்கள். பூச்சிமருந்து டின்னையும் தெளிப்பானையும் ஏரியில் கழுவ வேண்டாம் என்று வீட்டு ஆண்களிடமும் சொல்லுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். விடியலில் ஏரியைப் பார்த்து வர முறை போட்டுக்கொள்ளுங்கள். குஞ்சு விட்ட தேதி, எண்ணிக்கை, செத்தவை எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் எங்கே தவறினோம் என்று அந்த நோட்டுதான் சொல்லும்.