தொப்பூர்க் கணவாயும் மைசூர்ப் புகைவண்டிக் காட்சிச்சாலையும்

தொப்பூர்ப் பக்கத்துப் பள்ளிப்பிள்ளைகளைப் புகைவண்டிக் காட்சிச்சாலையொன்றுக்கு அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்க்கு வழிகள் இரண்டுள. 2014-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் திறக்கப்பெற்றது தூரத்தால் அணித்து. மைசூரில் 1979-இல் நிறுவப்பெற்றது சேய்மையிலுள்ளது. ஆயினும் மைசூருக்குச் செல்வதே சாலச் சிறந்ததென்பது எமது துணிபு. காட்சிச்சாலையில் காணக்கிடையாத பாடமொன்று அவ்வழியில் உண்டு.

சேலத்தில் வண்டியேறிய மாணாக்கர் ஓமலூரைக் கடந்து தொப்பூரை அடைந்ததும் சாளரத்தின் புறம் அமர்தல் நன்று. இங்கிருந்து சிவாடி நோக்கி வண்டி மலையேறுகிறது. அருகிலே நெடுஞ்சாலையும் அதே கணவாயை ஏறுகின்றது. ஆனால் இரண்டின் போக்கும் ஒன்றன்று. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மீது உருளுங்கால் உராய்வு மிகச் சிறிது. அதனாலேயே ஓர் எஞ்சின் பல நூறு டன் பாரத்தை இழுக்க வல்லதாகின்றது. அதே காரணத்தால் பிடிப்பும் குறைவு. நூறடி சென்றால் ஓரடி உயர்வதே இருப்புப்பாதைக்குப் பெரியதோர் ஏற்றமாம். ஆகவே பாதை மலையைச் சுற்றி வளைந்தும், பாறையைக் குடைந்த பள்ளங்களினூடு நுழைந்தும் மெல்ல மெல்ல உயர்கின்றது. நீலகிரியில் கல்லாறு முதல் குன்னூர் வரை பற்சட்டம் பதித்ததும் இப்பிடிப்பின் குறையை நிரப்புதற்கேயாம். ரப்பர்ச் சக்கரம் கொண்ட லாரியோ செங்குத்தான சரிவிலும் ஏறும். இறங்கும்போதுதான் அதற்கு ஆபத்து. எண்ணெயை மிச்சப்படுத்தக் கியரை விடுவித்து இறங்கிய லாரிகளால் தொப்பூர்ச் சாலையில் நேர்ந்த உயிர்ச்சேதம் இவ்வூரார் அனைவரும் அறிந்ததே.

இருப்புப்பாதைக்கும் இம்மலை சாதுவாயிருந்ததில்லை. 2021-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் விடியுமுன், தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே கண்ணூரிலிருந்து வந்த விரைவு வண்டியின்மேல் பாறைகள் சரிந்து பெட்டிகள் தடம் புரண்டன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் உயிர்ச்சேதமின்றித் தப்பினர்.

தருமபுரியைக் கடந்தபின் பாலக்கோடு, இராயக்கோட்டை, ஓசூர் என்று ஊர்கள் வரும். இவ்வூர்களுக்கு முன்னொரு புகைவண்டி இருந்தது. பஞ்சக் காலத்தில் தானியம் சேர்ப்பதைக் கருதி, 2 அடி 6 அங்குல அகலமுள்ள குறுகிய பாதையொன்று மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் திறக்கப்பெற்று, 1913-இல் ஓசூர் வரை நீண்டது. குறுகிய பாதைக்குச் செலவு குறைவு. வளைவுகளைச் சிறிதாக அமைக்கலாம். குறையோ, மொரப்பூரில் 5 அடி 6 அங்குல அகலப் பாதையிலிருந்து வரும் சரக்கு முழுவதையும் இறக்கி மீண்டும் ஏற்ற வேண்டும் என்பது. உலகப்போரின் நடுவே 1941-இல் அப்பாதை மூடப்பட்டது. 1960-களில் சேலத்திலிருந்து மீட்டர்ப் பாதை வரும்வரை தருமபுரியார் புகைவண்டியின் ஒலியைக் கேட்டிலர். அம்மீட்டர்ப் பாதையும் பின்னர் அகலப் பாதையாயிற்று.

இதனை மனத்திற்கொண்டு மைசூர்க் காட்சிச்சாலையுட் புகும் மாணாக்கர் பழைய நீராவி எஞ்சின்களை வெறும் இரும்பென்று காணார். ஒவ்வொன்றின் முன்னும் நின்று தண்டவாளங்களின் இடைவெளியைக் காலடியால் அளந்து பார்க்கச் செய்க. கொதிகலம், நீராவி புகும் உருளை, உந்துதண்டு, சக்கரத்தோடு பிணைக்கும் தண்டு என்னும் வரிசையை விரலாற் சுட்டிச் சொல்லச் செய்க. மின்சார எஞ்சினில் இயங்கும் உறுப்புகள் மூடிக்கிடக்கும். இங்கே யந்திரத்தின் தொழில் வெளிப்படையாகத் தெரியும். 1899-ஆம் ஆண்டைச் சேர்ந்த மகாராணியாரின் வண்டியில் சமையலறை முதலியன உள. பிள்ளைகள் அதனருகேதான் நெடுநேரம் நிற்பர், தடுக்க வேண்டா. சாலையில் ஓடிய ஆஸ்டின் மோட்டார் வண்டியொன்று இருப்புப்பாதைக்கென மாற்றியமைக்கப்பட்டிருப்பதையும் காட்டுக.

மைசூர் தன் பழைய வண்டிகளைக் கூரையிட்டுக் காத்தது. மொரப்பூர்ப் பாதையில் ஓடிய சிறு வண்டியைக் கண்ணாற் கண்டவர் இன்று தொண்ணூறு வயதை நெருங்கியவராயிருத்தல் வேண்டும். அத்தகையோர் நம் மாணாக்கரின் வீடுகளிலும் இருக்கக்கூடும். மைசூர் செல்லுமுன் அவர்களிடம் சீட்டின் விலை, நின்ற ஊர்கள், வண்டி ஏற்றிய சரக்கு ஆகியவற்றைக் கேட்டு எழுதிவைத்தல் இவ்வாண்டே செய்யத்தக்க வேலை. மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே புதிய அகலப் பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. பழைய பாதை எவ்வழிச் சென்றதென்று கேட்கும் பிள்ளைகளுக்கு விடை கூற அப்பெரியோரன்றி வேறு எவருளர்?