பைன் அல்லாத பைன்

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஊர்களிற் பைன் மரம் எதுவென்று வினவினால், சிலர் கடற்கரைச் சவுக்கைச் சுட்டுவர். சிலர் முற்றத்துத் தொட்டியிலே தட்டுத்தட்டாகக் கிளை விரித்து நிற்கும் ‘கிறிஸ்மஸ் மர’த்தைக் காட்டுவர். இரண்டுமே பைன் அல்ல.

சவுக்கின் ஊசி இலையன்று, மெல்லிய சிறுகிளை. இரு விரலாற் பற்றி இழுத்தால் அது கணுவிலே கழன்று வரும். அக்கணுவைச் சுற்றிப் பற்கள்போல் நிற்கும் ஏழெட்டுச் செதில்களே இலைகள். மெய்யான பைனிலோ, ஊசிகள் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வரை ஒரு கொத்தாகச் சேர்ந்திருக்கும். அம்மரம் இலங்கைக்குரியதன்று, மலைநாட்டுப் பைன் காடுகள் மனிதர் நட்டவை.

தொட்டியிலே நிற்பது அரோக்கேரியா. அதன் தாயகம் பசிபிக் கடலிலுள்ள நோர்போக் தீவு. 1774ஆம் ஆண்டில் அங்கு இறங்கிய கப்டன் குக், நெடிதுயர்ந்த அம்மரங்கள் பாய்மரத்துக்கு ஏற்றவை என மகிழ்ந்தார். பிற்காலத்தில் அதற்கு வேண்டிய உறுதி அவற்றுக்கு இல்லையெனத் தெரிந்தது. கப்பலுக்கு ஆகாத மரம் முற்றத்துக்கு அழகாயிற்று!

இதிலும் ஒரு மயக்கம் உண்டு. நோர்போக் பைன் என வெப்ப நாடுகளில் விற்கப்படுபவற்றுட் பல, நியூ கலிடோனியாவைச் சேர்ந்த குக் பைன்களே. இளமையில் இவற்றைப் பிரித்தறிதல் அரிது. முதிர்ந்தபின் நோர்போக் மரம் அகன்ற கூம்பாகும். குக் மரம் ஒடுங்கிய தூணாகும், அதன் பட்டை தாள்போல் உரியும். குக் மரங்கள் பூமத்திய ரேகைப் பக்கமாகவே சாய்கின்றன என்று 2017இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. திருக்கோணமலையில் அது தென்திசையாகும்.

உப்புக்காற்றும் மணல் நிலமும் அரோக்கேரியாவுக்குப் பகையல்ல. வேரிலே நீர் தேங்குவதே பகை. ஒக்டோபரில் மழை தொடங்கும்போது நட்டால், அடுத்த கோடைக்குள் வேர் பிடித்துவிடும். கிளைநுனியை வெட்டி நடுவோர் ஏமாறுவர். அது வேர்விட்டாலும் பக்கவாட்டிலேயே படரும். புதிய விதையோ தலைக்குருத்தோ வேண்டும். குருத்தை ஒடித்தால் மரத்தின் வடிவம் கெடும். உதிர்ந்த கீழ்க்கிளை மீண்டும் தளிர்ப்பதில்லை.

பலர் கவனியாதது அதன் உயரம். தாய்நிலத்தில் அது ஏறக்குறைய 60 மீற்றர் வரை வளரும். 1964 டிசம்பரிற் சூறாவளியால் அடிபட்ட இக்கரையில், அதனைச் சுவரோரம் நடுவது வீட்டுக்கே ஆபத்து. இடம் குறுகியோர் தொட்டியிலேயே வைத்து, வாரந்தோறும் காற்சுற்றுத் திருப்பி வரலாம். ஒளி ஒருபக்கமாக விழுந்து மரம் கோணாமலிருக்கும்.