எலுமிச்சம்பழம் வரையும் கணக்கு! தொட்டு விளையாடும் மியூசியங்களுக்கு இலவச 'சாப்ட்வேர்'

"தொடாதீர்கள்!"

மியூசியத்துக்குள் போனதும் கண்ணில் படும் போர்டு இதுதான். ஆனால், "வாங்க, தொடுங்க, இஷ்டம்போல மாத்துங்க!" என்று கூப்பிடும் மியூசியங்களும் உலகில் உண்டு. அங்கே தொடுதிரை இருக்கும். விரலை வைத்தால் படம் மாறும்.

இதற்குத் திரையும் கம்ப்யூட்டரும் மட்டும் போதாது. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் 'சாப்ட்வேர்' வேண்டும். பெரிய மியூசியம் பணம் கொடுத்து எழுதி வாங்கிவிடும். சின்ன ஊர் மியூசியம் என்ன செய்யும்?

ஜெர்மனியின் கணித அறிஞர்கள் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார்கள்.

திரையில் ஒரு பழம்!

ஜெர்மனியில் 'பிளாக் பாரஸ்ட்' என்ற மலைக்காட்டுப் பகுதி. அங்குள்ள ஓபர்வோல்பாக் என்ற ஊரில் ஒரு கணித ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. 2008-ம் ஆண்டை ஜெர்மனி 'கணித ஆண்டாக'க் கொண்டாடியது. அதையொட்டி இந்தக் கழகம் 'இமேஜினரி' என்ற கண்காட்சியைத் தொடங்கியது. அதன் கதாநாயகன் 'சர்பர்' என்ற சாப்ட்வேர்!

திரையில் ஒரு சமன்பாடு, கூடவே அதன் உருவம். எக்ஸ், ஒய், இசட் மூன்றின் வர்க்கங்களையும் கூட்டி, 'சமம் 1' என்று போட்டால் உருண்டைப் பந்து வரும்.

இன்னொன்று: ஒரு பக்கம் எக்ஸ் வர்க்கமும் இசட் வர்க்கமும் கூட்டல். மறுபக்கம் ஒய்யின் மும்மடி பெருக்கல், ஒன்றில் ஒய் கழித்ததன் மும்மடி. வருவது என்ன தெரியுமா? இரு பக்கமும் கூர்மூக்குடன் ஓர் எலுமிச்சம்பழம்!

எண்ணை மாற்றினால் உருவம் பிதுங்கும், நெளியும், துண்டாகும். சமன்பாடு எந்தெந்தப் புள்ளியில் சரியாக வருகிறதோ, அந்தப் புள்ளிகளைக் கம்ப்யூட்டர் தேடிப்பிடித்து வண்ணம் பூசுகிறது. ரகசியம் அவ்வளவுதான்.

பூட்டு இல்லாத பெட்டி

இந்த சாப்ட்வேர் இலவசம். அதோடு, அது எழுதப்பட்டிருக்கும் விதத்தையும் திறந்தே வைத்திருக்கிறார்கள். யாரும் எடுக்கலாம், தங்கள் மொழிக்கு மாற்றலாம், திருத்தலாம். 2011-ல் ஸ்பெயின் நாட்டுக் கணிதச் சங்கம் தனது நூற்றாண்டு விழாவுக்கு இந்தக் கண்காட்சியையே அங்கே கொண்டுபோனது.

பகிர்ந்து கொடுக்கும் பழக்கம் புதிதல்ல. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் 1969-ல் 'எக்ஸ்புளோரடோரியம்' என்ற தொட்டுப் பார்க்கும் மியூசியத்தைத் தொடங்கினார் பிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டு விஞ்ஞானி ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி இவர். தங்கள் காட்சிப் பொருட்களைச் செய்யும் முறையை அந்த மியூசியம் மறைக்கவில்லை. 'சமையல் புத்தகம்' என்றே பெயர் வைத்து மூன்று தொகுதிகளாக வெளியிட்டது!

வாடகை மனையில் வீடு

ஆனால் 'இலவசம்' என்ற சொல்லை மட்டும் நம்பினால் ஆபத்து உண்டு.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோவைச் சேர்ந்த 'ஐடியம்' கம்பெனி, அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் 'ஓப்பன் எக்சிபிட்ஸ்' என்ற திட்டத்தை நடத்தியது. தொடுதிரைக் காட்சி அமைக்க மியூசியங்களுக்கு இலவச சாப்ட்வேர் தருவதே நோக்கம். நல்ல காரியம்தான். ஆனால் ஆரம்பத்தில் அது நின்றது 'அடோபி' கம்பெனியின் 'பிளாஷ்' மீது. வீடு சொந்தம், மனை அடுத்தவருடையது என்ற கதை!

பிளாஷுக்கு ஆதரவை நிறுத்தப்போவதாக அடோபி 2017-ல் அறிவித்தது. 2020 டிசம்பர் 31-ந்தேதியோடு ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் பிளேயரில் படங்கள் ஓடுவதே தடுக்கப்பட்டது. பிளாஷை நம்பி எழுதியவர்கள் வேறு அடித்தளம் தேட வேண்டியதாயிற்று. பூட்டிய பெட்டி ஆயிற்றே, திறந்து பழுதுபார்க்க வெளியாருக்கு ஏது சாவி?

அப்போ, செலவே இல்லையா?

உண்டு. திரை வாங்க வேண்டும். கரண்ட் பில் கட்ட வேண்டும். கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் பார்க்க விவரம் தெரிந்த ஆள் வேண்டும். அடித்தளமும் திறந்ததுதானா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

திரை உடைந்தால் வேறு திரை வாங்கி மாட்டலாம். சாப்ட்வேர் தன் கையில் இருக்கும் மியூசியத்தில், எலுமிச்சம்பழம் மீண்டும் சுழலும்!